படத்தின் பின்புறம் பதுளை

மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்த ஆண்டு 1924. இந்த ஓர் ஆண்டை மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு, சீமையில் யாரோ ஒரு துரையின் பேரப்பிள்ளைகள் ஏலத்தில் விட்ட ஆல்பத்திலோ, பழைய அஞ்சலட்டைக் கட்டிலோ, "பதுளைச் சரக்கு முற்றம், சுமார் 1905" என்று பின்புறத்தில் எழுதிய படம் ஒன்று எதிர்ப்படுமானால், அதைத் திருப்பி முன்புறத்தைப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட முடியும்: அந்த வாசகத்தில் ஊர் பிழையாக இருக்க வேண்டும், அன்றேல் ஆண்டு பிழையாக இருக்க வேண்டும், இரண்டும் ஒருங்கே மெய்யாவதற்கு வழியே இல்லை. 1905இல் பதுளையில் கச்சேரி இருந்தது, தேவாலயம் இருந்தது, கடைவீதி இருந்தது, தண்டவாளம் இல்லை.

அத்தகைய படம் ஒன்று நம் கையில் இருப்பதாகப் பாவித்துக்கொள்வோம். நாலைந்து சரக்குப் பெட்டிகள், தகரக் கூரையிட்ட ஒரு கிடங்கு, அதன் மேடையில் அடுக்கிய தேயிலைப் பெட்டிகள், தலைப்பாகை கட்டிய சிலர், மாட்டுக்கரத்தைகள் சில, பின்னணியில் ஒரு மலைத்தொடர், இவ்வளவே அதில் உள்ளவை. நிலையத்தின் பெயர்ப்பலகை படச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. (பழைய படங்களில் நமக்கு வேண்டிய பலகை எப்போதும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கும் என்பது இந்தத் துறையில் ஈடுபட்டவர்கள் அனைவரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் உண்மை.) இந்த முற்றம் எந்த ஊரைச் சேர்ந்தது?

விடை காண்பதற்கு முதலில் பாதையின் சரித்திரத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதன்பின் பட்டிப்பொலவுக்கு அருகே 6,226 அடி உயரத்தில் சிகரத்தைக் கடந்து, மறுபக்கச் சரிவில் இறங்கி, 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே நின்றது. ஊவா மாகாணம் 1886இலேயே தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகராகிவிட்டபோதிலும், அந்தத் தலைநகருக்குப் புகையிரதத்தைக் கொண்டுவருவதற்குப் பண்டாரவளையிலிருந்து மேலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. கொழும்பிலிருந்து பதுளை வரையிலான 292 கிலோமீட்டர் பாதையில், மிகவும் சொற்பமான கடைசித் துண்டுதான் மிகவும் நீண்ட காலத்தை விழுங்கியது.

இதனால் விளைந்தது யாதெனில், பாதை எங்கே முடிந்ததோ அந்த ஊர் அதற்கப்பாலுள்ள பிரதேசம் முழுவதற்கும் வாசலாகிவிட்டது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுணுகலை முதலிய பகுதிகளிலுள்ள தோட்டங்களின் தேயிலை மாட்டுக்கரத்தைகளில் ஏறி, மலைப்பாதைகளில் வளைந்து வளைந்து மேலேறிப் புகையிரதத்தைத் தேடி வரவேண்டியிருந்தது. கரத்தைகள் வந்து நிற்பதற்கு வெளி, காளைகள் இளைப்பாறுவதற்கு இடம், பெட்டிகளை இறக்கி வைப்பதற்குக் கிடங்கு, இயந்திரத்தைத் திருப்புவதற்கு மேடை, அதற்குத் தண்ணீர் வார்ப்பதற்குத் தொட்டி ஆகிய அனைத்தும் முடிவு நிலையமொன்றில் வேண்டப்படுவன. ஆகவே 1894க்கும் 1924க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும் ஓர் ஊவாச் சரக்கு முற்றத்தின் படம், கரத்தைக் கூட்டத்தோடும் பெருங்கிடங்கோடும் காணப்படுமானால், அதைப் பண்டாரவளை என்று முதலில் ஐயுறுவதே நியாயமான தொடக்கம் என்பது என் அபிப்பிராயம். அப்புத்தளைக்கு இரண்டாமிடம் கொடுக்கலாம். பதுளைக்கு அந்தக் காலத்தில் இடமே இல்லை.

அப்படியாயின் படத்தின் பின்புறத்தில் பதுளை என்று எழுதியவர் பொய்யரா? அவ்வாறு சொல்லிவிடுவது அவசரமாகும். தோட்டத்துரைமார் தங்கள் நாட்டைப் பிரித்தறிந்த முறை வேறு. அவர்களுக்குப் பதுளை என்பது ஒரு நகரத்தின் பெயராக இருந்ததோடு, ஒரு தோட்ட மாவட்டத்தின் பெயராகவும் இருந்தது. ஃபெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டுவந்த இலங்கை டைரக்டரியில் தோட்டங்கள் மாவட்ட வாரியாகவே வகுக்கப்பட்டுள்ளன. பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பத்து ஆண்டுகள் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர், தம் தேயிலை ரயிலேறிய இடத்தின் படத்துக்கும் "பதுளை" என்றே தலைப்பிட்டிருந்தால் அதில் வியப்பில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதுமே அவருக்குப் பதுளைதான். மேலும் தலைப்பை எழுதியவர் படம் எடுத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதியும் கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகளோ, ஏலக் கடைக்காரரோ எழுதியதாகவும் இருக்கலாம். எழுத்தின் மையும் கையும் படத்தின் வயதுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அதனால் முக்கியம்.

படம் எடுத்தவர் யார் என்ற கேள்வியும் இவ்விடத்தில் எழுகிறது. ஸ்கீன், ஸ்கவன், 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே ஆகிய கொழும்புப் படநிலையத்தார் மலைநாட்டை நன்றாகவே படம் பிடித்தார்கள். ஆயினும் அவர்களுடைய கண் கப்பலில் வந்திறங்கிய யாத்திரிகர் விலைகொடுத்து வாங்கும் காட்சிகளின் மேல், அதாவது கடுகண்ணாவை ஏற்றத்தின் மேலும் பேராதனைப் பூங்காவின் மேலும் நீர்வீழ்ச்சிகளின் மேலும்தான் இருந்தது. அரிசி மூட்டை இறங்கும் முற்றத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆகவே சரக்கு முற்றத்தின் படம் பெரும்பாலும் மூன்று கைகளிலிருந்து வருகிறது. ஒன்று, வேலை நடந்த வகையைப் பதிவு செய்ய விரும்பிய புகையிரத எஞ்சினியர், மற்றொன்று, கையில் காமெரா வைத்திருந்த தோட்டத்துரை, மூன்றாவது, விளம்பரம். 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்ற எண்ணத்தைச் சீமையார் மனத்தில் பதிப்பதற்குப் படங்களை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினார் என்பது தெரிந்ததே. எஞ்சினியரின் தலைப்பை நம்பலாம். துரையின் தலைப்பை விசாரிக்க வேண்டும். விளம்பரக்காரரின் தலைப்பைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே நலம்.

இனிப் படத்துக்குள் செல்வோம். செல்வதற்கு முன் ஒரு சிறு பரீட்சை உண்டு. அக்காலத்துப் படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டவை. தகட்டைப் புறம் மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகி, மலைத்தொடர் முழுவதும் எதிர்த்திசையில் சாய்ந்துவிடும். சரக்குப் பெட்டியின் மேல் எழுத்துகள் தெளிவாக இருந்தால் ஐயமில்லை. எழுத்து மங்கியிருந்தால், கோட்டு அணிந்திருக்கும் யாராவது ஓர் ஆடவரைத் தேடி, பொத்தான் எந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டேசன் மாஸ்டரின் கோட்டுப் பொத்தான் ஒரு மலையின் திசையைத் தீர்மானித்துவிடும் விந்தை இத்துறையில் சர்வசாதாரணம்.

அடுத்தது தண்டவாளத்தின் அகலம். இலங்கையின் பிரதான பாதை 5 அடி 6 அங்குல அகலமுடையது. இந்தியாவின் அகலப் பாதையும் அதுவே. ஆனால் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குச் சென்ற உடப்புசல்லாவைப் பாதை 2 அடி 6 அங்குல அகலமே உடையது; 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு 1940களில் மறைந்துபோனது. மக்களோடு ஒப்பிடும்போது பெட்டிகள் பொம்மை போலச் சிறுத்துக் காணப்பட்டால், ஊவாவை விட்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அகலமும் குறுகலுமாக இருவகைத் தண்டவாளமும் ஒரே முற்றத்தில் அருகருகே கிடந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது: மலைநாட்டில் அது நானுஓயா.

நம் படத்தில் அகலப் பாதைதான் இருக்கிறது என்று கொள்வோம். இப்போது நிலத்தை நோக்க வேண்டும். மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் 1 அடி ஏறும் சரிவு உண்டு. சமதரை என்பது அங்கே ஈசுவரன் கொடுத்ததாக இல்லாமல், ஒரு பக்கம் மலையை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி மனிதர் உண்டாக்கிக்கொண்டதாகவே இருக்கும். இக்காரணத்தால் ஒவ்வொரு முற்றமும் தன் மலையின் வளைவையே தன் வளைவாகக் கொண்டிருக்கிறது. கிடங்கு எரிந்து போகலாம், கூரை மாறலாம், பக்கத் தண்டவாளங்களைப் பிடுங்கி எடுத்துவிடலாம். ஆயினும் வெட்டிய சுவர் எந்தப் பக்கம் நிற்கிறது, மேட்டுக்கரை எந்தப் பக்கம் சரிகிறது, பாதை இடமாக வளைந்து நிலையத்துக்குள் நுழைகிறதா வலமாக வளைந்து நுழைகிறதா என்பவை நூறு ஆண்டுகளானாலும் மாறுவதில்லை. நில அளவைத் திணைக்களத்தார் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வெளியிட்ட பழைய படத்தாளை எடுத்துப் பார்த்தால் இந்த வளைவுகள் அனைத்தும் அதில் அப்படியே கிடக்கின்றன.

அதன்பின் மலைகள். ஊவாவில் படம் பார்ப்பவருக்கு நமுணுகலையைப் போன்ற உபகாரி வேறில்லை. 2,036 மீட்டர் உயரமுள்ள அம்மலைத்தொடர், ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கில் கிடக்கும் பதுளை நிலையத்திலிருந்து பார்க்கையில் தென்கிழக்கே பெருஞ்சுவராக எழுந்து வானத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதே மலை, பதுளையை விடப் பலநூறு மீட்டர் உயர்ந்த மேட்டிலிருக்கும் பண்டாரவளையிலிருந்து பார்க்கும்போது வடகிழக்கே, இடையில் பல குன்றுகளைத் தள்ளி, தூரத்தில் தாழ்ந்து தோன்றும். ஒரே மலையை இரண்டு ஊர்கள் ஏறக்குறைய செங்கோணமாக வேறுபட்ட இரு பக்கங்களிலிருந்து பார்ப்பதால், அதன் கொடுமுடிகள் ஒன்றையொன்று மறைக்கும் ஒழுங்கும் மாறிவிடுகிறது. ஒரு கொடுமுடி மற்றொன்றின் முன்னே நிற்கிறதா, பக்கத்தில் விலகி நிற்கிறதா என்று பொறுமையாகப் பார்த்தால், படம்பிடிப்பாளர் நின்ற இடத்தைச் சில நூறு கெசத்துக்குள் குறித்துவிடலாம். இக்காலத்தில் இதற்கு மலையேறவும் வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்கலமொன்று ராடாரால் அளந்தெடுத்த நிலவுயரக் கணக்கைக் கொண்டு, பூமியில் எந்தப் புள்ளியில் நின்றால் வானக்கோடு எப்படித் தெரியும் என்பதைக் கணினியே வரைந்து காட்டிவிடுகிறது. ஆனால் கணினிக்கு மரம் தெரியாது. நிலையத்துக்கு அருகிலுள்ள குன்றின் மேல் வளர்ந்த யூகலிப்டஸ் தோப்பு பின்னாலுள்ள சிகரத்தை மறைத்திருக்கும் என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிழலை வைத்துத் திசை காண்பவர் இங்கே மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகள் நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று நிச்சயமாகச் சொல்லும். அவர்கள் ஊரில் அது சரி. ஊவா நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே உள்ள நாடு; ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதன்பின் செப்டம்பர் முதல் வாரம் வரையில் நடுப்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும்; அந்த ஐந்து மாதமும் நிழல் தெற்கே விழும். இதை மறந்தவர் பண்டாரவளையைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பதுளையாக்கிவிடக் கூடும்.

தாவரமும் ஒரு சாட்சி. தென்னை ஒன்று, அல்லது படிப்படியாக இறங்கும் நெல்வயல் வரிசை, படத்தின் ஓரத்தில் தெரிந்தால் நாம் ஹாலிஎல, பதுளைப் பள்ளத்தாக்கை நினைக்கலாம். 1,400 மீட்டருக்கு மேலுள்ள அப்புத்தளையில் காய்க்கும் தென்னையைக் காண முடியாது. அப்புத்தளைக்கு வேறோர் அடையாளம் உண்டு. அவ்வூர் இரண்டு பக்கமும் சரிந்து விழும் ஒரு மலைமுதுகின் மேல் அமர்ந்திருப்பதால், கிடங்குக்குப் பின்னால் மலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வானமே தெரியும். புற்படர்ந்த மொட்டைக் குன்றுகள், அதாவது பத்தனை வெளி, நாற்புறமும் சூழ்ந்திருந்தால் பண்டாரவளை அல்லது தியத்தலாவை. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு முதல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறக்குறைய 5,000 பேர் அடைக்கப்பட்டிருந்தபடியால் அவ்வூர் நிறையவே படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. தகரக் கொட்டகைகள் அணிவகுத்து நிற்கும் படங்களை அங்கே வைப்பது எளிது. பின்னாளில் "ஃபொக்ஸ்" என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அங்குள்ள மலைச்சரிவொன்றில் வெள்ளையடித்த கற்களால் ஒரு நரியின் உருவத்தை அமைத்தார்கள். படத்தின் பின்னணியில் அந்த நரி தென்பட்டுவிட்டால் ஆராய்ச்சிக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

இனி முற்றத்திலுள்ள பொருள்கள். இவை இடத்தை விடக் காலத்தையே அதிகமாகச் சொல்லும். காலம் தெரிந்தால் இடம் தானே குறுகிவரும் என்பதை முன்பே கண்டோம். தேயிலைப் பெட்டி தனித்தனிப் பலகைகளை அறைந்து செய்யப்பட்டதாயின் அது பழைய வகை. ஜப்பானிலிருந்து வந்த மோமி மரப்பலகைகள் ஒரு காலத்தில் இதற்காக ஏராளமாக இறக்குமதியாயின. ஒட்டுப்பலகையால் செய்து விளிம்புக்கு உலோகப் பட்டை அடித்த பெட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து புழக்கத்துக்கு வந்தவை. பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரும், தேயிலையின் தரமும், எடையும் மையால் அச்சிடப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடியில் ஸ்பிரிங்வெலி என்றோ தெமோதரை என்றோ ஒரு சொல் துலங்கிவிட்டால் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளத் தோன்றும், துள்ளக் கூடாது. நமுணுகலைச் சரிவிலுள்ள ஸ்பிரிங்வெலித் தோட்டத்தின் பெட்டி 1924க்குப் பின்னரானால் பதுளையில் ரயிலேறியிருக்கும். அதற்கு முன்னரானால் கரத்தையில் மேட்டுக்கு ஏறிவந்திருக்கும். கொழும்புக் கிடங்கில் நிற்கும் அதே பெட்டியிலும் அதே பெயர்தான் எழுதியிருக்கும். பெட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி. எங்கே நிற்கிறது என்பதற்கு அன்று.

இயந்திரம் தெரிந்தால் மேலும் நல்லது. மலைப்பாதைக்கென்று மான்செஸ்டர் பேயர் பீகாக் நிறுவனத்தார் செய்த கார்ரட் என்னும் இரட்டை இயந்திரம் அகலப் பாதைக்கு வந்தது 1927இல். அதே வகையில் மேலும் எட்டு இயந்திரங்கள் 1945இல் வந்தன. கனடா நாட்டு மாகாணங்களின் பெயர் தாங்கிய டீசல் இயந்திரங்கள் கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் வந்தன. லொறி ஒன்று கரத்தைகளுக்கு நடுவே நின்றால் முதல் உலகப் போருக்குப் பிந்திய காலமென்று பெரும்பாலும் கொள்ளலாம். சரக்குப் பெட்டியின் பக்கத்திலுள்ள எழுத்துகள் சி.ஜி.ஆர். என்றிருந்தால் அது இலங்கை அரசாங்கப் புகையிரதம் என்ற பழைய பெயரின் ஆங்கிலச் சுருக்கம்.

தேயிலைப் பெட்டியைத் தேடும் ஆர்வத்தில் மூட்டைகளைப் பலர் கவனிப்பதில்லை. மலைநாட்டுச் சரக்கு முற்றம் என்றவுடன் கீழே இறங்கும் தேயிலையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மேலே ஏறிவந்தது என்ன? அரிசி. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி, தோட்டத்துக்குத் தோட்டம் மூட்டை மூட்டையாகப் பிரிந்து, தொழிலாளருக்கு அளந்து கொடுக்கப்பட்டு, அவர்கள் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அதனுடன் உரம், மண்ணெண்ணெய், ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, வேண்டிய யந்திர உறுப்புகள், இன்னும் பெட்டியாக இணைக்கப்படாத பலகைக் கட்டுகள் ஆகியவையும் வந்தன. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றது. ரேசன் காலம் வந்தது. ஆகவே மேடை நிறைய மூட்டை அடுக்கிய ஒரு படத்தைத் தேயிலைக்குச் சம்பந்தமற்றதென்று ஒதுக்கிவிடுபவர், தேயிலை முளைத்த கதையில் பாதியை ஒதுக்குகிறார்.

இவ்வளவு சாட்சிகளையும் ஒப்புநோக்கி வரும்போது, கேட்பதற்கு இனிமையான கதைகள் இடையில் வந்து கையைப் பிடித்து இழுக்கும். ஊவாப் பாதையில் அத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. தெமோதரையில் பாதை ஒரு குன்றைச் சுற்றிவந்து, தன் நிலையத்தின் கீழேயே ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து செல்கிறது. எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திர இவ்வுபாயத்தை எப்படிக் கண்டார் என்பதற்கு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டியதைப் பார்த்துக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. நம்மவர் ஒருவரின் தலைப்பாகைக்குச் சரித்திரத்தில் இடம் கிடைப்பது மகிழ்ச்சிதான். ஆனால் அது கதை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றியும், முதல் உலகப் போரினால் உருக்கு கிடைக்காமற்போகவே கிராமத்தவர் ஒருவர் கல்லாலும் செங்கல்லாலும் கட்டி முடித்தார் என்ற வழக்கு உண்டு. புகையிரதக் கட்டுமானப் பகுதியைச் சேர்ந்த எச். சி. மார்வுட் என்பவரோ இலங்கையில் கொங்கிரீட் பாலமொன்றைக் கட்டிய விதம் பற்றி வரைபடங்களோடு எழுதிய அறிக்கையை இலங்கை எஞ்சினியர் சங்கம் 1923இல் வெளியிட்டிருக்கிறது. பாலத்தின் படமும் அந்த வரைபடமும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியவை. வாய்வழிக் கதையை இகழ வேண்டாம். அதற்கும் ஒரு காரணம் இருக்கும். ஆயினும் தாளில் எழுதிய தேதி ஒன்று இருக்கும் இடத்தில், கதை பின்வரிசையில் அமர்வதே முறை.

நம் தருக்க நூலார் காட்சி, அனுமானம், ஆப்தவாக்கியம் என்று மூன்று பிரமாணங்களைச் சொல்வர். மலையும் மரமும் காட்சி. ஆண்டும் இயந்திரமும் அனுமானம். மூன்றாவது பிரமாணமாகிய ஆப்தரின் வார்த்தை, அதாவது அந்த முற்றத்தில் மெய்யாகவே வேலை செய்தவரின் வார்த்தை, இத்துறையில் மிகக் குறைவாகவே நாடப்படுகிறது என்பது என் நெடுநாளைய வருத்தம். படத்தில் தலைப்பாகையோடு நிற்பவர்கள் யார்? பெயர் எழுதப்பட்ட இயந்திரத்துக்கும் பெயர் எழுதப்பட்ட பெட்டிக்கும் நடுவே பெயரின்றி நிற்கும் அவர்களுக்கு, மலைக்கு வருகையில் தோட்டத்தின் எண்ணைப் பொறித்த ஒரு தகரச் சீட்டே விலாசமாக இருந்தது. 1914இல் தலைமன்னார் வழி திறந்தபின், மண்டபத்தில் பரிசோதிக்கப்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள், அந்தச் சீட்டின் பேரில் ரயிலேற்றப்பட்டு, பாதை முடிந்த ஊரில் இறக்கப்பட்டு, அங்கிருந்து கங்காணியின் பின்னால் கால்நடையாகத் தோட்டத்துக்குப் போனார்கள். பாதை பண்டாரவளையோடு நின்ற காலத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனவர் பண்டாரவளை முற்றத்தை மறந்திருக்க முடியாது. அவர் ஊவா மண்ணில் வைத்த முதலடி அங்கேதான்.

அந்தத் தலைமுறை இன்று இல்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கூட்ஸ் செட்டுகளில் பெட்டி ஏற்றினார்கள். ஸ்டோருக்கும் ஸ்டேசனுக்கும் இடையில் லொறி ஓட்டினார்கள். எந்தக் கிடங்கின் மேடை உயரம், எந்தக் கிடங்கின் படி உடைந்தது என்பது அவர்கள் முதுகுக்குத் தெரியும். அவர்களைத் தேடிப் பதுளைக்கு மட்டும் போனால் போதாது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்தபின், ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் இதே நிலையங்களில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அவர்களில் பலர் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களைச் சுற்றியும் இருக்கிறார்கள். பதுளைக் கிடங்கின் அடையாளத்தைச் சொல்லக்கூடிய ஒருவர் நீலகிரியில் ஒரு திண்ணையில் இருக்கிறார் என்பது புகையிரத ஆர்வலர்களுக்கு அவ்வளவாகத் தோன்றுவதில்லை.

அவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "தாத்தா, இது பண்டாரவளைதானே?" என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று "ஆமாங்க" என்றுதான் பெரியவர் சொல்வார். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அவர் விரல் முதலில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். பழக்கப்பட்ட விரல் இயந்திரத்தைத் தொடாது. கிடங்கின் கதவையோ, தண்ணீர்த் தொட்டியையோ, கரத்தை திரும்பும் மூலையையோ தொடும். கூடவே, ஒத்த காலத்து வேறு இரண்டு மூன்று நிலையங்களின் படங்களையும் கலந்து வைத்துக் காட்டினால், ஞாபகத்தையும் உபசாரத்தையும் வேறுபடுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின் படத்தின் பின்புறத்துக்குத் திரும்புகிறோம். பழைய எழுத்தை அழிக்கக் கூடாது. அது பிழையானாலும் ஒரு சாட்சி. அதன் கீழே பென்சிலால், மெல்ல அழுத்தி, நம் முடிவையும் அதன் காரணங்களையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்: பண்டாரவளை என்று எண்ண இடமுண்டு, நமுணுகலை வடகிழக்கே தாழ்ந்து தெரிவதால், தென்னை இல்லாததால், லொறி இல்லை, கரத்தைகளே இருப்பதால் 1894க்கும் 1924க்கும் இடைப்பட்டதாகலாம், பெட்டி எழுத்து வாசிக்க முடியவில்லை, பெரியவர் ஒருவர் கிடங்குக் கதவைக் காட்டி, அது இரட்டைக் கதவு, இடப்பக்கத்தது திறக்காது என்றார். கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்கோ, கொழும்பிலுள்ள தேசிய சுவடிக் கூடத்துக்கோ இதன் பிரதியொன்றை அனுப்பும்போது காரணங்களையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அந்த இடப்பக்கக் கதவைத் திறந்து பார்த்த வேறு யாராவது நம்மை மறுத்து எழுதுவதற்கு அப்போதுதான் வழியிருக்கும்.